படம் எடுப்பதும் பெறுவதும்

ஒளிப்படக் கருவியை நாம் கேமரா என்றே வழங்குகிறோம். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு அறை என்பது பொருள். குருமடத்தில் இலத்தீன் பயின்றோருக்கு இது புதிய செய்தியன்று. இருண்ட அறை ஒன்றின் சுவரில் சிறு துளையிட்டால், வெளியே உள்ள காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். அந்த அறையே நாளடைவில் சுருங்கிக் கைக்கு அடங்கும் பெட்டியாயிற்று. அறை என்று ஒன்று இருந்தால் அதனுள் வருகின்ற ஒருவரும் உண்டு. வருபவரை எவ்வாறு வரவேற்பது என்ற கேள்வியும் உண்டு. புதிதாகக் கருவி வாங்குவோர்க்குக் கடைக்காரரும் பயிற்சி நூலும் எவ்வளவோ சொல்லித் தருகின்றனர். இக்கேள்வியை மட்டும் யாரும் எழுப்புவதில்லை.

ராஜா அண்ணாமலைபுரத்தில் வாழும் நம் இளைஞர் பலர் கைப்பேசியில் படம் எடுத்துப் பழகியபின், லென்ஸைக் கழற்றி மாட்டத்தக்க முறையான கேமரா ஒன்றை ஆர்வத்தோடு வாங்குகின்றனர். பட்டம் பெற்றதற்குப் பரிசாகத் தந்தை வாங்கித் தருகிறார். வளைகுடா நாட்டில் பணிபுரியும் மாமன் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்து தருகிறார். விடியற்காலையில் பட்டினப்பாக்கம் கடற்கரைக்குச் சென்று, மீனவர் படகைக் கரையேற்றுவதையும் சாந்தோம் பேராலயக் கோபுரத்தின்மீது வெயில் விழுவதையும் எடுத்துப் பழகுகின்றனர். லென்ஸின் துளையை எவ்வளவு திறப்பது, ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது, ஐ.எஸ்.ஓ. எண்ணை எவ்வளவு உயர்த்துவது ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று இணக்கிப் பார்ப்பதே அவர்களது முதற்பாடம். துளையை அகலத் திறந்தால் ஒளி மிகுதியாக நுழையும். ஆனால் கண் தெளிவாக விழும்போது காது மங்கிவிடும். துளையைச் சுருக்கினால் முன்னும் பின்னும் தெளிவாகும். ஆனால் ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குள் கை நடுங்கினால் படம் கலங்கும். ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க வேண்டிய இக்கணக்கு நல்ல பயிற்சிதான். எனினும் இக்கணக்கு முழுவதும் தேர்ந்தபின்னும் ஒருவர் படக்கலையின் வாயிலிலேயே நிற்கக்கூடும். இதனை விளங்கிக்கொள்ள, நாற்பத்தெட்டு வயதில் முதல் கேமராவைக் கையில் வாங்கிய ஒரு பெண்மணியின் படங்களை ஆராய்வது பயனுடையது. அவரது கதையில் தமிழர்க்கும் ஒரு பங்குண்டு. அது இனிமையான பங்கு என்று சொல்வதற்கில்லை.

நாற்பத்தெட்டில் ஒரு தொடக்கம்

ஜூலியா மார்கரெட் கேமரன் 1815-ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் மகள். 1838-இல் சட்ட அறிஞர் சார்லஸ் ஹே கேமரனை மணந்து, 1848-இல் குடும்பத்தோடு இங்கிலாந்து சென்றார். 1860 முதல் வைட் தீவிலுள்ள ஃப்ரெஷ்வாட்டர் என்னும் ஊரில் வாழ்ந்தார். 1863-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், தனிமையில் இருக்கும் தாய்க்குப் பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தனர். மரப்பெட்டியும் பித்தளைக் கூட்டுக்குள் அமைந்த லென்ஸும் கொண்ட அக்கருவியை எப்படிக் கையாள்வது என்று அவருக்கு ஏதும் தெரியாது.

அக்காலத்தில் படம் எடுப்பது இன்றுபோல் எளிதன்று. கண்ணாடித் தகட்டின்மீது கொலோடியன் என்ற பசைநீரைச் சீராகப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் உலர்வதற்கு முன்பே கருவியில் இட்டுப் படம் எடுத்து, உடனே இருட்டறைக்கு எடுத்துச் சென்று கழுவ வேண்டும். கழுவுவதற்குப் பொட்டாசியம் சயனைடு போன்ற நஞ்சையும் கையாள வேண்டும். கேமரன் தம் வீட்டு நிலக்கரிக் கிடங்கை இருட்டறையாக்கினார். கண்ணாடியிட்ட கோழிக்கூட்டைப் படக்கூடமாக்கினார். முதலில் எடுத்த படத்தின் ஈரப்பூச்சின்மேல் தம் கையாலேயே தேய்த்து அதனை அழித்துவிட்டதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். முயன்று, தவறி, மீண்டும் முயன்று, 1864 சனவரி இறுதியில் ஆனி ஃபில்பாட் என்ற சிறுமியின் படத்தைத் தம் முதல் வெற்றி என்று அறிவித்தார்.

அப்படம் இன்றும் காணக் கிடைக்கிறது. கழுத்துவரை பொத்தானிட்ட கோட்டு அணிந்த ஒரு சிறுமி பக்கவாட்டில் நோக்குகிறாள். அழகுக்கென்று செய்யப்பட்ட ஒப்பனை எதுவும் இல்லை. இப்படத்தைக் காட்டிலும் இது எடுக்கப்பட்ட பொழுதில் கேமரன் செய்ததே என் சிந்தனையைக் கவர்ந்தது. படம் வெற்றியாக வந்துவிட்டதை உணர்ந்ததும், அச்சிறுமிக்குக் கொடுக்க ஏதேனும் பரிசு கிடைக்குமா என்று வீடெங்கும் ஓடித் தேடினாராம். படத்தை அந்தக் குழந்தையே முழுமையாக ஆக்கித் தந்ததுபோல் தமக்குத் தோன்றியது என்று பத்தாண்டுகளுக்குப் பின் நினைவுகூர்கிறார்.

தொடக்க நிலையினர் ஒருவர் கண்டுகொள்ளத்தக்க மிகப் பெரிய உண்மை இதுவென்றே கருதுகிறேன். தமிழில் நாம் படம் எடுத்தல் என்கிறோம். படம் பிடித்தல் என்றும் சொல்கிறோம். எடுப்பதும் பிடிப்பதும் வலியவர் செயல்கள். கேமரனோ அன்று ஒன்றைப் பெற்றுக்கொண்டவராகத் தம்மை உணர்ந்தார். பெற்றுக்கொண்டவர்க்குரிய நன்றியோடு கைம்மாறு தேடி ஓடினார். துளையின் அளவையும் நேரத்தின் கணக்கையும் அவர் இன்னும் சரிவரக் கற்றிருக்கவில்லை. ஆயினும் எதிரே அமர்ந்திருப்பவர் விருந்தினர் என்பதை அந்தக் கோழிக்கூட்டுக்குள் அன்றே கற்றுக்கொண்டார்.

மங்கலும் தெளிவும்

கேமரனின் படங்கள் வெளிவந்தபோது படக்கலைஞர்களின் இதழ்கள் அவற்றைக் கடிந்தன. குவியம் சரியில்லை, தகடுகளில் கறையும் கீறலும் உள்ளன, தொழிலின் அரிச்சுவடியே இவருக்குத் தெரியவில்லை என்பன குற்றச்சாட்டுகள். அவற்றில் ஓரளவு உண்மையும் உண்டு. அவரது லென்ஸ் அகன்ற துளை உடையது. முகம் அருகில் வரும்போது அதன் ஒரு பகுதி மட்டுமே தெளிவாக விழும். மங்கலான முதற்படங்கள் தற்செயலாக அமைந்தவை என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் லென்ஸைத் திருகிக்கொண்டே வரும்போது எவ்விடத்தில் முகம் தம் கண்ணுக்கு அழகாகத் தோன்றியதோ, அவ்விடத்திலேயே நிறுத்திக்கொண்டதாகவும் சொல்கிறார். கைதவறி வந்ததை ஆராய்ந்து பார்த்து, நல்லதென்று கண்டதை வைத்துக்கொள்ளும் இத்தேர்வு, ஆன்மிக வாழ்வில் நாம் தெளிந்து தேர்தல் என்று சொல்வதற்கு நெருங்கிய ஒன்று.

இன்றைய தொடக்க நிலையினர்க்கும் மங்கல்மீது மோகம் உண்டு. 50 மி.மீ. லென்ஸ் ஒன்றை வாங்கி, எஃப் 1.8 அளவில் துளையைத் திறந்து, முகத்தின் பின்னணி முழுவதும் பஞ்சுபோல் கரைவதைக் காணும் மகிழ்ச்சி பெரிது. கைப்பேசிகள் இதனைக் கணக்கிட்டே செய்து தருகின்றன. ஆயினும் இவ்விரு மங்கல்களும் ஒன்றல்ல. கேமரனின் மங்கல் முகத்துக்குள்ளேயே நிகழ்கிறது; மனிதர் மூச்சு விட்டதும் சற்றே அசைந்ததும் அதில் பதிந்துள்ளன. மூன்று முதல் ஏழு நிமிடம் வரை அசையாது அமர்ந்திருக்க எவராலும் இயலாது. அந்த இயலாமையும் படத்தின் ஒரு பகுதியாகிறது. நாம் விரும்பும் மங்கலோ மனிதரை அவர் இடத்திலிருந்து பெயர்த்து எடுக்கிறது. பட்டினப்பாக்கத்து மீனவரின் முகச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிகிறது. அவரது படகும், கடல் அரித்த வீடும், மீன் கூடையோடு நிற்கும் மனைவியும் கரைந்து போகின்றனர். எஃப் 8-க்குத் துளையைச் சுருக்கி, இரண்டடி பின்னே நின்றால் அவர்கள் மூவரும் படத்துக்குள் வந்துவிடுவர். எதை மங்கலாக்குவது என்பது அழகியல் வினா மட்டுமன்று; அதில் அறமும் கலந்திருக்கிறது.

பணிப்பெண் மரியாவானார்

கத்தோலிக்கராகிய நம்மை ஈர்ப்பவை கேமரனின் சமயப் படங்கள். அவர் ஆங்கிலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர். எனினும் அன்னை மரியாவும் குழந்தையும் என்ற பொருளை விடாது எடுத்தாண்டார். தூய பவுல் கலாத்தியர்க்கு எழுதிய திருமுகத்தில் சொல்லும் தூய ஆவியின் ஒன்பது கனிகளையும் ஒன்பது படங்களாக 1864-இல் அமைத்து, பின்னர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். அவரது மரியாக்களில் பெரும்பாலோர்க்கு முகம் தந்தவர் மேரி ஹில்லியர் என்ற வீட்டுப் பணிப்பெண். ஊரார் அவரை மேரி மடோனா என்றே அழைக்கலாயினர்.

இவ்வரிசையைக் குறித்து ஒரு குறையும் ஒரு நிறையும் சொல்ல வேண்டும். குறை இது: பொறுமை, கனிவு, தன்னடக்கம் என்று படத்துக்குப் படம் தலைப்பு மாறுகிறதேயன்றி, முகம் அவ்வளவாக மாறவில்லை. தலைப்பை மறைத்துவிட்டால் எது எந்தக் கனி என்று கூறுவது கடினம். அருங்குணங்களை ஆடை மடிப்பாலும் தலைச் சாய்வாலும் காட்டிவிடலாம் என்ற நம்பிக்கை, திருவிழா நாடகங்களில் நாம் காணும் எளிய நம்பிக்கையே. நிறை வேறிடத்தில் உள்ளது. ஈரத் தகடு ஒளியை வாங்கும் அத்தனை நிமிடமும் அப்பெண் நெளியும் குழந்தையை மடியில் தாங்கிக்கொண்டு அசையாமல் இருந்திருக்கிறார். கை வலித்திருக்கும், அடுக்களை வேலை காத்திருந்திருக்கும். பொறுமை என்ற தலைப்பு பொருந்துகிறதோ இல்லையோ, பொறுமை அப்படத்தில் உண்மையாகவே பதிந்திருக்கிறது. நாசரேத்தூர் மரியாவும் உழைக்கும் குடும்பத்துப் பெண்தானே! அரசியின் முடி சூட்டப்பட்ட ஓவியங்கள் சில நேரங்களில் மறைத்துவிடும் இவ்வுண்மையை, ஒரு பணிப்பெண்ணின் களைத்த கண்கள் நினைவூட்டுகின்றன.

மற்றொரு மேரியும் உண்டு. மேரி ரயன் என்ற அச்சிறுமி, தெருவில் இரந்து நின்ற ஐரியப் பெண்ணின் மகள். அவரைக் கேமரன் தம் வீட்டில் வைத்து வளர்த்துப் பணியில் அமர்த்தினார்; பல படங்களில் அமரச் செய்தார். படக்கண்காட்சியில் அவரைக் கண்டு உள்ளம் பறிகொடுத்து 1867-இல் மணந்துகொண்டவர், நம் கும்பகோணத்தில் பிறந்த ஹென்றி காட்டன். இந்திய ஆட்சிப் பணியில் உயர்ந்து, 1904-இல் பம்பாயில் கூடிய இந்திய தேசியக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர் அவரே. இரந்துண்டவரின் மகளுக்கு ஒரு முகமும் ஒரு பெயரும் ஒரு வரலாறும் கிடைத்தன. அதில் அந்த மரப்பெட்டிக்கும் பங்குண்டு.

தோட்டத்தில் நின்றவர்கள்

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால் கேமரனைப் போற்றிவிட்டு அமையலாம். ஆனால் ஃப்ரெஷ்வாட்டரில் அவர் வாழ்ந்த வீட்டின் பெயரைக் கவனிக்க வேண்டும். டிம்போலா என்பது அதன் பெயர். இலங்கையின் மலைநாட்டில் அக்குடும்பத்துக்கு உரிமையாயிருந்த டிம்புள்ள காப்பித் தோட்டத்தை ஒட்டி இடப்பட்ட பெயர் அது. குடும்ப வருவாயின் பெரும்பகுதி அத்தகைய தோட்டங்களைச் சார்ந்திருந்தது. அத்தோட்டங்களில் உழைத்தவர்களோ மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்டுச் சென்ற தமிழர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, நோயாலும் பசியாலும் வழியிலேயே எண்ணற்றோரை இழந்தவர்கள். ஆக, ஃப்ரெஷ்வாட்டர் கோழிக்கூட்டில் வீணான ஒவ்வொரு கண்ணாடித் தகட்டுக்கும், கொட்டிய வெள்ளிக் கரைசலுக்கும் ஆன செலவில் நம்மவரின் வியர்வையும் கலந்திருந்தது. கேமரன் படம் எடுக்கக் கற்றுக்கொண்டதற்கு அவர்களும் கட்டணம் செலுத்தினார்கள் என்றால் அது மிகையாகாது.

1869-இல் காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் தாக்கத் தொடங்கியது. குடும்பத்துக்குப் பண நெருக்கடி இருந்தது. 1875-இல் கேமரன் தம்பதியர் இலங்கைக்கே குடிபெயர்ந்தனர். அங்கு அவர் எடுத்தவற்றில் இன்று எஞ்சியுள்ளவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் இடம்பெறுவோரில் தோட்டத் தொழிலாளரும் வேலையாட்களும் உளர். அவர்களுள் தமிழர் பலர் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். இவர்களை எடுக்கும்போது கருவி பெரும்பாலும் சற்றுப் பின்வாங்கியே நிற்கிறது. இங்கிலாந்தில் முகத்தோடு முகமாக நெருங்கிய அதே கலைஞர், இங்கே ஓர் இடைவெளியை வைத்துக்கொள்கிறார். அதைவிட வருத்தம் தருவது, இவர்களுள் எவருடைய பெயரும் நமக்குத் தெரியாதது. ஆனி, மேரி ஹில்லியர், மேரி ரயன் என்று பணிப்பெண் வரை பெயர் வழங்கிய வரலாறு, மலைநாட்டில் வாய் மூடிக்கொள்கிறது.

1877-இல் களுத்துறையில் கேமரனைச் சந்தித்த ஓவியர் மரியன் நார்த், தம் நினைவுக் குறிப்பில் ஒரு செய்தி சொல்கிறார். ஒருவருடைய முதுகின் அமைப்பு கேமரனுக்கு மிகவும் பிடித்துப்போயிற்றாம். அதன்பொருட்டு அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி தம் மகனை வற்புறுத்தினாராம். வீட்டில் தோட்டமும் இல்லை. அந்த மனிதருக்குத் தோட்டக்காரர் என்பதன் பொருளும் தெரியாது. நார்த் இதனை நகைச்சுவையாக எழுதுகிறார். நாம் சிரித்துவிட்டு அப்பால் செல்ல இயலவில்லை. முதுகு அழகாயிருந்தது, அந்த முதுகுக்கு உரிய மனிதர் எங்கே? ஆனி என்ற சிறுமிக்குப் பரிசு தேடி வீடெங்கும் ஓடிய கேமரன், பதின்மூன்று ஆண்டுகளில் திறமையில் வளர்ந்திருந்தார். முதல் நாளில் கண்ட உண்மையிலிருந்து அவ்வளவுக்குத் தொலைவிலும் வந்திருந்தார்.

ஆனால் ஒரு படம் என் தீர்ப்பைச் சற்றுத் தணிக்கிறது. 1878-இல் எடுத்த களுத்துறைக் குடியானவர் படம் அது. அதன் குறிப்பில், சிறுமிக்கு வயது பன்னிரண்டு என்றும், முதியவர் தம்மை அவளுடைய தந்தை என்று சொல்வதாகவும், தமக்கு நூறு வயது என்று கூறுவதாகவும் எழுதப்பட்டுள்ளது. இவர்கள் சிங்களரா தமிழரா என்று குறிப்பு சொல்லவில்லை, பெயரும் இல்லை. இருந்தும் அம்முதியவர் தம்மைப் பற்றித் தாமே சொன்ன ஒரு சொல் அங்கே பதிந்துவிட்டது. நூறு வயதில் பன்னிரண்டு வயது மகளா என்ற ஐயம் எழுதியவருக்கு இருந்திருக்கலாம். ஆயினும் அவர் சொன்னதை அவர் சொன்னபடியே பதிந்தார். அக்குறிப்பை எழுதிய பொழுதில் கேமரன் மீண்டும் ஒருமுறை விருந்தினரை வரவேற்றிருக்கிறார். அடுத்த ஆண்டு சனவரியில் மலைநாட்டில் இறந்து, பொகவந்தலாவையில் தூய மரியா ஆலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

மலையகத் தமிழர் இலங்கைக்குச் சென்ற 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, 2023-இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைப்பயணம் ஒன்று நிகழ்ந்தது. தம் முன்னோர் நடந்த வழியை மீண்டும் நடந்த அம்மக்கள் கேட்டவற்றுள், உரிமையோடு கூடிய அடையாளமும் ஒன்று. கேமரனின் படங்களில் முகத்தோடும் பெயரின்றியும் நிற்பவர்களின் வழிவந்தோரும் அவர்களிடையே நடந்திருக்கக்கூடும்.

நம் பங்குகளில்

தொலைவிலிருந்த ஒரு கலைஞரைக் குறைகூறுவது எளிது. நம் பங்கு மலர்களையும் ஆண்டறிக்கைகளையும் இதே அளவுகோலால் அளந்து பார்ப்போம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை சீனிவாசபுரத்தையும் பட்டினப்பாக்கத்தையும் தாக்கியது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நகரை மூழ்கடித்தது. ஒவ்வொரு முறையும் நம் மக்கள் தாராளமாக உதவினர். ஒவ்வொரு முறையும் கேமராக்களும் உடன் வந்தன. அரிசிப் பையின் ஒரு முனையைக் கொடுப்பவர் பிடித்திருக்கிறார். மறுமுனையைப் பெறுபவர் பிடித்திருக்கிறார். இருவரும் படம் முடியும்வரை அப்படியே நிற்கின்றனர். கொடுப்பவர் கேமராவைப் பார்க்கிறார். பெறுபவர் தரையைப் பார்க்கிறார். படத்தின் கீழே கொடுத்தவர் பெயரும் பட்டமும் பதவியும் முழுமையாக அச்சாகின்றன. பெற்றவர்க்கு வழங்கும் பெயர் பயனாளி. ஈகையை மறைவாகச் செய்யச் சொன்னவர் நம் ஆண்டவர். ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கும் ஆயன் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டவரும் அவரே.

நம் திருச்சபையில் இதற்கு மாற்றான ஒரு மரபு ஏற்கெனவே உண்டு. திருமுழுக்குப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். குப்பத்துக் குழந்தையாயினும் மாளிகைக் குழந்தையாயினும் ஒரே அளவான கட்டத்தில், குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர் என்று எழுதப்படுகிறது. அங்கே பயனாளி என்று ஒருவரும் இல்லை. ஒளிப்படமும் அப்பதிவேட்டைப் பின்பற்றலாம்.

ஆகவே முதல் கேமராவை வாங்கியிருக்கும் நம் இளைஞர்க்கு, துளை, ஷட்டர், ஐ.எஸ்.ஓ. என்ற மூன்றோடு வேறு மூன்றையும் பரிந்துரைக்கிறேன். எடுக்குமுன் இசைவு கேளுங்கள், மறுப்பவரை வற்புறுத்தாதீர்கள். எடுத்தபின் பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் தம்மைப் பற்றி ஏதேனும் சொன்னால், அதையும் சொன்னபடியே எழுதுங்கள். பின்பு படத்தை அச்சிட்டு, அவர் வீடு தேடிச் சென்று கையில் கொடுங்கள். அச்சிடுவதற்கு ஆகும் செலவு சிறிது. மீனவர் குப்பங்களில் இறந்துபோன தாய் தந்தையின் நல்ல படம் ஒன்றுகூட இல்லாத வீடுகள் உண்டு. அடக்கத் திருப்பலிக்கு முன் வாக்காளர் அட்டையிலுள்ள சிறு படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்து மாலையிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நீங்கள் கொடுக்கும் அந்த ஒரு படம், ஒரு குடும்பம் தலைமுறைகளாகச் சுவரில் வைத்திருக்கும் செல்வமாகலாம்.

திறமை மெல்ல வரும். கேமரனுக்கும் மெல்லவே வந்தது. ஆனால் முதல் நல்ல படம் அமைந்த அன்று அச்சிறுமிக்குப் பரிசு தேடி ஓடியதற்கு எந்தப் பயிற்சியும் அவருக்குத் தேவைப்படவில்லை.